ராட்கிளிஃப் ஹாலை முன்னோடி என்று சொல்லலாமா?

அம்மாப்பேட்டை வாசகர் ஒருவரின் கேள்வி, 6 ஜூன் 2025

லெஸ்பியன் நாவலின் முன்னோடி என்று ஆங்கிலப் பெண் எழுத்தாளர் ராட்கிளிஃப் ஹாலைச் சொல்கிறார்கள். 'தி வெல் ஆஃப் லோன்லினஸ்' நாவலைக் கஷ்டப்பட்டு முழுக்கப் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் அழுகை. கடைசியில் நாயகி தன் காதலியை ஒரு ஆணிடம் தள்ளிவிட்டுக் கடவுளிடம் மன்றாடுகிறாள். லண்டனில் தடை செய்யாமல் விட்டிருந்தால் இந்தப் பெயரே யாருக்கும் தெரிந்திருக்காது. இதில் முன்னோடி என்ன இருக்கிறது?

7 ஜூன், இரவு

இதை அப்படியே கடந்து போக மனசு வரவில்லை. நடந்த வரிசையை முதலில் பார்ப்போம். தடைக்கு முன்பே ஹாலுக்குப் பெயர் இருந்தது. 1926இல் வந்த அவருடைய 'ஆடம்ஸ் பிரீட்' நாவல் ஜேம்ஸ் டெய்ட் பிளாக் பரிசையும் ஃபெமினா பரிசையும் வாங்கியது. லண்டன் உணவகத்தில் பரிமாறும் வேலை பார்க்கிற ஒரு இத்தாலிய வம்சத்து இளைஞனுக்குச் சாப்பாட்டைக் கண்டாலே வெறுத்துப் போகிற கதை. நன்றாக விற்றது, விமர்சகர்கள் பாராட்டினார்கள். கௌரவமான எழுத்தாளர் என்ற இடம் அவருக்குக் கிடைத்துவிட்டது.

அந்த இடம் கிடைக்கட்டும் என்றுதான் அவர் காத்திருந்தார். பெண்ணை நேசிக்கும் பெண்ணைப் பற்றி வெளிப்படையாக ஒரு நாவல் எழுத வேண்டும் என்று நினைத்தபோது, கூட வாழ்ந்த யூனா டிரவ்பிரிட்ஜிடம் முதலில் கேட்டார். விஷயம் வெடித்தால் இரண்டு பேர் வாழ்க்கையும் சேர்ந்து சிதறும் என்பது அவருக்குத் தெரியும். பூசி மெழுகி வாழ்ந்தது போதும், எழுது என்று யூனா சொன்னார். யூனா ஒரு கடற்படை அட்மிரலின் மனைவியாக இருந்தவர், சிற்பி. அவருக்கும் இழக்க நிறைய இருந்தது.

சம்பாதித்த பெயரை எடுத்து மொத்தமாகப் பணயம் வைத்தாரே, அதைத்தான் நான் முன்னோடி என்கிறேன். எழுத்து எப்படி என்பது தனிக் கேள்வி. அதற்கும் வருகிறேன்.

8 ஜூன்

ஓமலூர் நண்பர் 'அந்த மாதிரி காட்சிகள்' நிறைய உள்ள புத்தகம் என்று எழுதியிருக்கிறார். ஒன்றுகூடக் கிடையாது. முத்தம் உண்டு. அதற்கு மேல் இருப்பது ஒரே வரி: அந்த இரவு அவர்கள் பிரிந்திருக்கவில்லை. இத்தனை கலவரமும் அந்த ஒரு வரியைச் சுற்றித்தான். படிக்காமலே பயப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

10 ஜூன்

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கம். இங்கிலாந்தில் மால்வெர்ன் மலைகளுக்குப் பக்கத்தில் மார்ட்டன் என்ற பெரிய பண்ணை வீடு. ஆண் குழந்தை வேண்டும் என்று காத்திருந்த அப்பா அம்மாவுக்குப் பெண் பிறக்கிறது. ஏற்கெனவே முடிவு செய்த ஸ்டீஃபன் என்ற பெயரையே வைத்துவிடுகிறார்கள். குதிரை ஏற்றத்திலும் வேட்டையிலும் வளர்கிறாள். அம்மாவுக்கு அவளைத் தொட்டாலே உள்ளுக்குள் ஒரு விலகல். பிறகு எழுத்தாளராகிறாள், முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள், அங்கே மேரியைச் சந்திக்கிறாள், பாரிஸில் சேர்ந்து வாழ்கிறார்கள். முடிவை அம்மாப்பேட்டை நண்பர் சொல்லிவிட்டார்.

எனக்கு இந்த நாவலில் மனசை விட்டுப் போகாத ஆள் அப்பா, சர் ஃபிலிப். மகளைப் பற்றி அவருக்குத் தெரியும். ராத்திரி படிப்பறையில் உட்கார்ந்து அந்தக் காலத்து மருத்துவர்கள் எழுதிய புத்தகங்களைப் படிக்கிறார், ஓரத்தில் குறிப்பு எழுதுகிறார், அலமாரியைப் பூட்டி வைக்கிறார். மகளிடம் சொல்ல ஆரம்பிப்பார், வாய் வராது. சொல்லாமலேயே செத்துப் போகிறார். பின்னாளில் ஸ்டீஃபன் அந்த அலமாரியைத் திறந்து பார்த்துத்தான் அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று கண்டுகொள்கிறாள்.

என் அப்பாவுக்கும் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். சேலம் லீ பஜாரில் கணக்கு எழுதியவர். மாப்பிள்ளை ஜாதகம் வரும்போதெல்லாம் "பொருத்தம் சரியில்லை" என்று தானே திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு வார்த்தை என்னிடம் கேட்டதில்லை. அம்மா அவரைத் திட்டுவார், நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். பூட்டிய அலமாரி பற்றிய பக்கங்களைப் படித்துவிட்டு அன்றைக்கு வேறெதுவும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மோசமாக எழுதப்பட்ட நாவல் என்று யார் சொன்னாலும் இந்த இடத்தை நான் விட்டுத்தர மாட்டேன்.

15 ஜூன், ஞாயிறு

வழக்கு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளும்.

1928 ஜூலை 27 அன்று ஜானதன் கேப் வெளியிட்டார். விலை 15 ஷில்லிங். அன்றைக்குச் சாதாரண நாவலைப் போல இரண்டு மடங்கு. எல்லோர் கைக்கும் போய்விடக் கூடாது என்ற எச்சரிக்கை. மூன்று வாரம் அமைதியாகத்தான் போனது. ஆகஸ்ட் 19 அன்று சண்டே எக்ஸ்பிரஸ் ஆசிரியர் ஜேம்ஸ் டக்ளஸ் தலையங்கம் எழுதினார். ஆரோக்கியமான ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ இந்தப் புத்தகத்தைக் கொடுப்பதைவிட ஒரு குப்பி விஷத்தைக் கொடுப்பேன் என்றார். கேப் பதறிப்போய்த் தானாகவே ஒரு பிரதியை உள்துறை அமைச்சர் ஜாய்ன்சன் ஹிக்ஸுக்கு அனுப்ப, அவர் விற்பனையை நிறுத்தச் சொல்லிவிட்டார். கேப் நிறுத்தினார், ஆனால் அச்சு வார்ப்புகளை ரகசியமாகப் பாரிஸுக்கு அனுப்பி அங்கே அச்சிட வைத்தார். அந்தப் பிரதிகள் லண்டனுக்குத் திரும்பி வந்தபோது பிடித்துக்கொண்டார்கள்.

நவம்பர் 9, போ ஸ்ட்ரீட் நீதிமன்றம், மாஜிஸ்திரேட் சர் சார்ட்டர்ஸ் பைரன். சட்டப்படி ஹால் குற்றவாளியும் இல்லை, சாட்சியும் இல்லை. வழக்கு கேப் மீதும், பாரிஸ் பதிப்பை லண்டனில் விநியோகித்தவர் மீதும். தான் எழுதிய புத்தகத்தை எரிப்பதா வேண்டாமா என்று பேசுகிற அறையில் அவர் பார்வையாளராக உட்கார வேண்டியிருந்தது. வர்ஜீனியா வுல்ஃப், ஈ.எம். ஃபார்ஸ்டர் உட்பட நாற்பது பேர் சாட்சி சொல்லத் தயாராக இருந்தார்கள். ஆபாசமா என்று முடிவு செய்ய வேண்டியது நான், இலக்கிய நிபுணர்கள் தேவையில்லை என்று மாஜிஸ்திரேட் யாரையும் பேச விடவில்லை.

கேப் தரப்பு வக்கீல் நார்மன் பர்கெட் தப்பிக்க ஒரு வழி பார்த்தார். நாவலில் வருவது வெறும் நட்பு, உடல் உறவு எதுவும் இல்லை என்று வாதாடினார். மதிய இடைவேளையில் ஹால் அவரைப் பிடித்து, ஆத்திரத்தில் அழுதுகொண்டே சண்டை போட்டார். அந்த வாதத்தைத் திரும்பப் பெறாவிட்டால் நானே எழுந்து நின்று உண்மையைச் சொல்வேன் என்றார். பர்கெட் மத்தியானம் வந்து வாபஸ் வாங்கினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். "வெறும் நட்பு" என்று ஒத்துக்கொண்டிருந்தால் புத்தகம் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. அந்தப் பொய்யில் பிழைக்க வேண்டாம் என்று அவர் சொன்னார். அம்மாப்பேட்டை நண்பரே, உங்கள் கேள்விக்கு என்னிடம் இதைவிட நல்ல பதில் இல்லை.

நவம்பர் 16 தீர்ப்பு. போர்முனையில் ஆம்புலன்ஸ் ஓட்டிய பெண்களைப் பற்றி நாவல் சொல்வதை மாஜிஸ்திரேட் கேவலமாகப் பேசியபோது ஹால் கூட்டத்திலிருந்து எழுந்து ஆட்சேபித்தார். இந்த நூலின் ஆசிரியர் நான் என்றார். சும்மா இருக்காவிட்டால் வெளியே அனுப்புவேன் என்று பதில் வந்தது. பிரதிகளை அழிக்க உத்தரவு. டிசம்பர் 14 அன்று மேல்முறையீடும் தள்ளுபடி.

அமெரிக்காவில் 1929இல் விடுதலையாகி முதல் வருடமே ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. இங்கிலாந்தில் 1949 வரை மறுபதிப்பு இல்லை. ஹால் 1943இலேயே போய்விட்டார்.

16 ஜூன்

நேற்று விட்டுப்போன ஒன்று. இதற்கு ஏழு வருடம் முன்பு, 1921இல், பெண்களுக்கிடையேயான உறவையும் குற்றமாக்க பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஒரு முயற்சி நடந்தது. பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. கருணையால் மறுக்கவில்லை. பெரும்பாலான பெண்கள் இப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்பட்டதில்லை, சட்டம் போட்டால் தெரிந்துவிடும் என்பதுதான் காரணம். பேசாமல் இருந்தால் போதும் என்று நினைத்தார்கள். அந்த மௌனத்தை ஒரு பிரபலமான கத்தோலிக்கப் பெண்மணி 15 ஷில்லிங் புத்தகமாக உடைத்தால் கோபம் வராமல் என்ன செய்யும்?

இதே மௌனத்தில்தான் நானும் என் தோழியும் அஸ்தம்பட்டியில் வாடகைக்கு இருந்தோம். "அக்கா தங்கச்சியா?" என்று கேட்ட வீட்டுக்காரர், பதிலை எதிர்பார்க்காமல் தானே தலையாட்டிக்கொண்டார். எங்களுக்கு அது வசதியாகவும் இருந்தது, தொண்டையில் மாட்டின மாதிரியும் இருந்தது. பிறகு எப்படியோ தெரிந்ததும் வீட்டைக் காலி செய்யச் சொன்னார், அவர் மகளுக்குக் கல்யாணம் பார்க்கிறார்களாம். பெட்டி கட்டும்போது என் தோழி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் கத்தினேன்.

21 ஜூன்

ஆத்தூர் வக்கீல் அம்மா கேட்டது: ஆபாசம் என்று முடிவு செய்ய மாஜிஸ்திரேட் பைரன் எந்த அளவுகோலை வைத்தார்? 1868இல் ஹிக்லின் வழக்கில் வந்தது. மனம் கெடக்கூடியவர்கள் கையில் கிடைத்தால் அவர்களைக் கெடுக்கும் போக்கு அதில் உண்டா என்று பார்ப்பது. அதாவது பலவீனமான வாசகர் ஒருவரைக் கற்பனை செய்து, அவர் பெயரால் எல்லோர் கையிலிருந்தும் பிடுங்குவது.

அந்த அளவுகோல் கப்பலேறி இங்கேயும் வந்து நம் தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவுக்குள் குடியிருந்தது. 'லேடி சாட்டர்லி' நாவலை இங்கிலாந்தே 1960இல் விடுவித்துவிட்டது. 1964இல் நம் உச்ச நீதிமன்றம் அதே நாவலை விற்றதற்காக ரஞ்சித் உதேஷி என்ற பம்பாய்ப் புத்தகக் கடைக்காரரின் தண்டனையை உறுதி செய்தது, ஹிக்லினை வைத்தே. அந்தப் பழைய அளவுகோலை உச்ச நீதிமன்றம் கைவிட்டது 2014இல், அவீக் சர்க்கார் வழக்கில். எவ்வளவு தாமதம் என்று பாருங்கள்.

லாகூரில் உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாய், பெண்கள் இருவரின் நெருக்கத்தைச் சொல்லும் தன் 'லிஹாஃப்' கதைக்காக நீதிமன்றம் ஏறியதும் இதே 292க்குத்தான். 1942இல் எழுதிய கதை. ஆபாசமான சொல் இது என்று ஒரு சொல்லைக்கூட அரசுத் தரப்பால் காட்ட முடியவில்லை, தப்பித்தார்.

29 ஜூன்

அம்மாப்பேட்டை நண்பர் விடவில்லை. "வழக்கு வீரம் சரி, நாவல் அழுமூஞ்சிதானே?" என்கிறார்.

முடிவு எனக்கும் பிடிக்காது. மேரிக்கு ஒரு சாதாரணக் குடும்ப வாழ்க்கை கிடைக்கட்டும் என்று, தனக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு என நாடகமாடி, ஸ்டீஃபன் அவளை மார்ட்டின் என்ற ஆண் நண்பன் பக்கம் தள்ளிவிடுகிறாள். மேரியிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவள் ஏதோ கைமாற்றிக் கொடுக்கிற பொருள் போல. இருபது வயதில் படித்தபோது இந்தப் பக்கத்தில் புத்தகத்தை வீசி எறிந்தேன். இப்போது படித்தாலும் அந்தக் கோபம் குறையவில்லை.

ஆனால் இன்னொன்று இப்போது கண்ணில் படுகிறது. இவ்வளவு அழுது, இவ்வளவு விட்டுக்கொடுத்தும் மாஜிஸ்திரேட்டுக்குப் போதவில்லை. இப்படிப்பட்டவர்கள் தப்பு செய்கிறார்கள் என்று புத்தகத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை என்பதுதான் அவருடைய பெரிய குறை. ஸ்டீஃபன் துன்பப்பட்டது அவருக்குச் சம்மதம். தன்னைக் குற்றவாளி என்று ஒத்துக்கொள்ளாததுதான் பொறுக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் அவள் கடவுளிடம் கேட்பது மன்னிப்பு இல்லை. எங்களுக்கும் இருக்க உரிமை கொடு என்று கேட்கிறாள். பக்கம் பக்கமாக அழுகிற ஒரு நாவல் அந்த ஒரு இடத்தில் மட்டும் தலை குனியவே இல்லை.

வர்ஜீனியா வுல்ஃபுக்கும் இந்த நாவல் சலிப்பூட்டியது. ஆனாலும் நீதிமன்றத்துக்கு வந்தார். அவருடைய 'ஆர்லாண்டோ' அதே 1928 அக்டோபரில் வெளியானது. அதில் நாயகன் பாதிக் கதையில் பெண்ணாக மாறுகிறான். யாரும் தொடவில்லை. விளையாட்டாகச் சொன்னதால் தப்பித்தது. ஹாலுக்கு விளையாட்டு வராது. அவர் எழுத்தின் கனமும் பலவீனமும் அதுதான்.

6 ஜூலை

இத்தனை நாளும் ஒரே நாவலைச் சுற்றிக்கொண்டிருக்கிறோம். அவருடைய சிறந்த நாவல் அது இல்லை. 1924இல் வந்த 'தி அன்லிட் லாம்ப்' படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஏற்றாத விளக்கு. யாரும் தடை செய்யவில்லை, அதனால் யாரும் பேசுவதும் இல்லை. தடையால்தான் பெயர் என்ற வாதத்தில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

கடலோரச் சிற்றூர். அப்பா இந்தியாவில் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற கர்னல், வீட்டையும் பட்டாளமாக நடத்துகிறவர். மூத்த மகள் ஜோன் நன்றாகப் படிப்பவள், டாக்டராக ஆசை. பாடம் சொல்லிக்கொடுக்க வரும் எலிசபெத்துக்கு அவள் மேல் பிரியம். வா, கேம்பிரிட்ஜ் போகலாம், லண்டனில் சேர்ந்து இருக்கலாம் என்கிறாள். அம்மா விடமாட்டார். அடித்தோ பூட்டியோ வைப்பதில்லை. தலைவலி, மயக்கம், கண்ணீர், "என்னை விட்டுட்டுப் போயிடுவியா?" இது போதும். ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டியாகிவிடும், ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று வந்து நிற்கும். எலிசபெத் வருடக்கணக்கில் காத்திருக்கிறாள். கடைசியில் பொறுக்க முடியாமல் வேறொருவரைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறாள். ஜோனுக்கு நரை விழுகிறது.

ஒரு ஹோட்டலின் சாப்பாட்டு அறையில், வயதான அம்மாவுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த கல்யாணமாகாத ஒரு மகளைப் பார்த்ததும்தான் ஹாலுக்கு இந்த நாவல் தோன்றியது. பல பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். 'தி ஃபோர்ஜ்' என்று லேசான ஒரு நாவலை எழுதி அதை முதலில் வெளியிட வேண்டியிருந்தது.

அந்த ஹோட்டலுக்குப் போகாமலே அந்த மகளை எனக்குத் தெரியும். செவ்வாய்ப்பேட்டையில் என் பெரியம்மா மகள், எங்களுக்குப் பெரிய அக்கா. வீட்டின் முன்கட்டில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை, பின்கட்டில் பெரியம்மாவின் கட்டில். அக்கா டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, மெட்ராஸில் வேலைக்கு உத்தரவும் வந்தது. கூடப் படித்த தோழி ஒருத்தி அங்கே அறை எடுத்து வைத்துக் காத்திருந்தாள். பெரியம்மாவுக்கு அந்த வாரம் மூச்சு வாங்கியது. அடுத்த வாரமும் வாங்கியது. அந்தத் தோழி எழுதிய கடிதங்களை அக்கா அரிசி டிரம்முக்கு அடியில் வைத்திருந்தார். பெரியம்மா தொண்ணூறு தாண்டி வாழ்ந்தார்.

அக்காவுக்கும் அந்தத் தோழிக்கும் இடையில் என்ன இருந்தது என்று நான் கேட்டதில்லை. அதற்குப் பெயர் வைக்க எனக்கு உரிமை இல்லை. ஜோனுக்கும் எலிசபெத்துக்கும் இடையில் இருந்ததற்குக்கூட ஹால் அந்த நாவலில் பெயர் வைக்கவில்லை. பிரியம் இருந்தது, அதை வாழவிடவில்லை, அவ்வளவு சொன்னாலே புரிந்துவிடுகிறது.

7 ஜூலை

செவ்வாய்ப்பேட்டை அக்காவைப் பற்றி எழுதியதற்கு நிறையப் பேர் தனிச் செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு அக்கா, ஒரு அத்தை, ஒரு சின்னம்மா. எல்லோருக்கும் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

19 ஜூலை

ஆடி பிறந்துவிட்டது. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குத் தெருவெங்கும் குழாய் கட்டிவிட்டார்கள், இனி வீட்டில் உட்கார்ந்து எழுத முடியாது. ஏற்காட்டில் தோழியின் அண்ணன் தோட்டத்துக்கு வந்திருக்கிறோம். சில்வர் ஓக் மரம் மொத்தமும் பனியில் மறைந்து கிடக்கிறது. கீழே பஸ் திரும்பும் சத்தம் மட்டும்.

'தி அன்லிட் லாம்ப்' முடிவில் வரும் ஒரு காட்சியை இங்கே வைத்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஜோனுக்கு வயதாகிவிட்டது, நரைத்த தலையைக் கத்தரித்திருக்கிறாள். ஒரு விடுதியில் இரண்டு இளம்பெண்கள் பேசுவது அவள் காதில் விழுகிறது. அவர்களும் முடியைக் கத்தரித்தவர்கள், ஆனால் காலம் அவர்களுக்குச் சாதகம். அந்தக் கிழவியைப் பார்த்தாயா, நமக்கு முன்னால் கிளம்பியவள், பாவம், பாதியிலேயே பின்தங்கிப்போன முன்னோடி என்கிறார்கள். ஜோன் எழுந்து கண்ணாடி முன்னால் போய்த் தன்னைப் பார்க்கிறாள்.

1924இல் இதை எழுதியவரைத்தான் நாம் முன்னோடியா இல்லையா என்று விவாதிக்கிறோம்.

இந்த ஊரிலும் அப்படி ஒருவர் இருந்தார். ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். கிராப்புத் தலை, விசில், முழங்கை வரை மடித்த சட்டை. அதே பள்ளியின் பாட்டு டீச்சரோடு ஏரிக்கு மேலே ஒரு சின்ன வீட்டில் இருந்தார். ஒண்டிக்கடை சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒரே குடையில் வருவார்கள். ஊர் அவர்களை "ரெட்டை டீச்சர்" என்று சொல்லும், அதில் கேலி பாதி, மரியாதை பாதி. விடுதியில் படித்த எங்களில் சிலருக்கு அவர்களைப் பார்ப்பது எவ்வளவு பெரிய தைரியம் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

பாட்டு டீச்சர் இறந்ததும் தூரத்திலிருந்து அண்ணன் மகன்கள் வந்தார்கள். உடலைச் சொந்த ஊருக்கு எடுத்துப் போனார்கள். வண்டியில் பி.டி. டீச்சருக்கு இடம் இல்லை என்றார்கள். அடுத்த மாதம் மறுபடி வந்து பீரோ, ஆர்மோனியம், வீட்டுப் பத்திரம் எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். வீடு பாட்டு டீச்சர் பெயரில் இருந்தது. பணம் போட்டது இரண்டு பேரும்.

20 ஜூலை

ராத்திரி தூங்கவில்லை, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஹால் விஷயத்தில் எப்படி நடந்தது தெரியுமா? அவருடைய முதல் பெரிய காதல் மேபெல் பேட்டன், பாடகி, இவரைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர். 'ஜான்' என்று இவருக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான், வாழ்நாள் முழுக்க நெருங்கியவர்கள் அப்படியே கூப்பிட்டார்கள். மேபெல் 1916இல் இறந்தார். 1943 அக்டோபர் 7 அன்று ஹால் புற்றுநோயால் இறந்தபோது ஹைகேட் கல்லறையில் மேபெல் இருந்த அதே கல்லறை அறையில் வைத்தார்கள். சொத்து யூனாவுக்கு. அந்த வாசலில் தன் பெயரோடு ஒரு கவிதை வரியைப் பொறித்து வைக்க யூனாவால் முடிந்தது.

பணம் இருந்தது, உயில் இருந்தது. தாத்தா விட்டுச்சென்ற சொத்து 21 வயதிலேயே ஹால் கைக்கு வந்துவிட்டது. அதனால்தான் எழுத முடிந்தது, அதனால்தான் துணையைத் தெருவில் விடாமல் போகவும் முடிந்தது. இதைச் சொல்லாமல் அவர் துணிச்சலை மட்டும் பேசுவது பி.டி. டீச்சருக்குச் செய்யும் அநியாயம்.

27 ஜூலை

சேலம் குகைப் பகுதி நண்பர் ஹாலின் அரசியலைப் பற்றிக் கேட்டுச் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். ஆமாம், 1930களில் ஹால் முசோலினியைப் போற்றினார். யூதர்களைப் பற்றி வெறுப்பாக எழுதினார். 1934இல் எவ்கேனியா சூலின் என்ற ரஷ்ய நர்ஸைக் காதலித்து, யூனாவையும் விடாமல், மூன்று பேர் வாழ்க்கையையும் வருடக்கணக்கில் ரணமாக்கினார். சூலின் எங்கே இருக்க வேண்டும், எப்படி வாழ வேண்டும் என்பதைப் பணத்தைக் காட்டி முடிவு செய்யப் பார்த்தார்.

இதை மறைத்து ஒரு படம் மாட்டி மாலை போட எனக்கு விருப்பம் இல்லை. ஒடுக்கப்பட்ட ஒருவர் இன்னொரு கூட்டத்தை வெறுத்தது எனக்கு வலிக்கிறது. 1944இல் நம் சேலத்தில் கூடிய மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகமானது. பிறப்பை வைத்து ஒருவரைத் தாழ்த்தாதே என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. அந்தப் பேச்சோடு வளர்ந்தவள் ஹாலின் அந்தப் பக்கத்தைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போக முடியாது. போ ஸ்ட்ரீட்டில் எழுந்து நின்றதும் அவர்தான், இதுவும் அவர்தான். இரண்டையும் சேர்த்தே படிக்கிறேன்.

3 ஆகஸ்ட், ஆடிப்பெருக்கு

உயில் பற்றி எழுதியதும் பலர் கேட்டதால் ஆத்தூர் வக்கீல் அம்மாவிடம் பேசிவிட்டுப் போடுகிறேன். இது தலைப்பை விட்டு விலகல்தான், பரவாயில்லை, பி.டி. டீச்சருக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

கல்யாணமாகாத, குழந்தை இல்லாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால் சொத்து அப்பா அம்மாவுக்கு, அவர்கள் இல்லையென்றால் அப்பாவின் வாரிசுகளுக்குப் போகும். கூடவே முப்பது வருடம் வாழ்ந்த தோழிக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. பேங்கில் நாமினி போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்காதீர்கள். நாமினி கையில் பணம் வரும், வாரிசு கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும். உயில் எழுதுங்கள். பதிவு கட்டாயம் இல்லை, இரண்டு சாட்சி கையெழுத்து கட்டாயம், ஆனாலும் பதிவு செய்துவிடுங்கள், பின்னால் சண்டை குறையும். வீடு வாங்கினால் இரண்டு பேர் பெயரிலும் வாங்குங்கள். தன்பாலினத் துணையோடு ஜாயின்ட் அக்கவுண்ட் தொடங்கவும் அவரை நாமினியாகப் போடவும் தடை இல்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியிருக்கிறது. கவுண்டரில் தெரியாது என்று சொன்னால் அதை எடுத்துக் காட்டுங்கள்.

சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. 2018 செப்டம்பர் 6 அன்று, சம்மதத்தோடு நடக்கும் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடி போனது. 2021இல் வீட்டை விட்டு வந்த மதுரைப் பெண்கள் இருவரின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இது புரிய வேண்டும் என்று மனநல ஆலோசகரிடம் தானே போய் உட்கார்ந்துவிட்டு வந்து தீர்ப்பு எழுதினார். பைரன் ஒரு சாட்சியையும் கேட்க மறுத்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2023இல் உச்ச நீதிமன்றம் கல்யாண உரிமையைத் தரவில்லை, அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு பற்ற வைக்கவில்லை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கக் கல்யாணம் மட்டுமே வழி இல்லை, தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பம்தான் என்றது. தீர்ப்பைத் தோழி எனக்கு வாசித்துக் காட்டினாள்.

10 ஆகஸ்ட்

அம்மாப்பேட்டை நண்பர் 'தி அன்லிட் லாம்ப்' தேடிப் படித்துவிட்டாராம். "அந்த அம்மாவை என்னால் வெறுக்க முடியவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார். அதேதான். அந்த அம்மாவும் கர்னலிடம் வதைபட்டவர், மகளைத் தவிர அவருக்குப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. ஹால் அவரை அரக்கியாக ஆக்கியிருந்தால் நாவல் சுலபமாகியிருக்கும். ஆக்கவில்லை. என் பெரியம்மாவையும் என்னால் வெறுக்க முடிந்ததில்லை.

17 ஆகஸ்ட்

தமிழில் கொண்டுவரலாமா, உரிமை யாரிடம் கேட்பது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். யாரிடமும் கேட்க வேண்டாம். இங்கே எழுத்தாளர் இறந்து 60 வருடம் வரைதான் காப்புரிமை. ஹால் 1943இல் இறந்ததால் 2003 முடிவோடு அது தீர்ந்துவிட்டது.

என் ஓட்டு 'தி அன்லிட் லாம்ப்' பக்கம். பெரிய நாவல், ஒருவரால் ஆகாது. ஐந்து பகுதிகள். முதல் பகுதியை அம்மாப்பேட்டை நண்பர் எடுத்துக்கொள்கிறார், ஆத்தூர் அம்மா இரண்டாவது. எலிசபெத் காத்திருக்கிற பகுதிகளை என் தோழி செய்கிறேன் என்கிறாள், ஆங்கிலம் அவளுக்கு என்னைவிடச் சுத்தமாக வரும். கடைசிப் பகுதி எனக்கு. அந்த விடுதிக் காட்சி என் கையில் இருக்கட்டும், வேறு யாருக்கும் தர மாட்டேன்.

கர்னல் பேசுகிற இடங்களில் பட்டாள அதட்டல் வர வேண்டும். ராணுவத்தில் இருந்து வந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள், முதல் அத்தியாயத்தை அனுப்புகிறேன்.